லீஸ்டு லைன் நின்றுவிட்டதா? அறிகுறியிலிருந்து பழுதைப் பிடிக்கும் வழி

புதுச்சேரியிலும் கடலூரிலும் சின்ன அலுவலகங்களின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆடிட்டர் அலுவலகம், ஸ்கேன் சென்டர், தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறை, கடலூர் ஓ.டி.யில் (பழைய நகரம்) மீன் ஏற்றுமதி செய்பவர்கள் என்று பலவகை. எல்லோரும் வீட்டு பிராட்பேண்டை விடப் பல மடங்கு பணம் கட்டி லீஸ்டு லைன் (ஒருவருக்கென்றே ஒதுக்கித் தரும் இணைய இணைப்பு) வாங்கியிருப்பவர்கள். லைன் நின்றால் கடை திறக்கும் முன்பே போன் வரும்: "சார், நெட் போச்சு."

அந்த ஒரு வரிக்குள் ஏழெட்டு வெவ்வேறு பழுதுகள் இருக்கலாம். திரும்பத் திரும்ப ஒரே பழுதுகளைச் சரிசெய்ததில், எதை முதலில் பார்க்க வேண்டும் என்ற வரிசை எனக்குப் படிந்துவிட்டது. அதைத்தான் இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன். காசு செலவில்லாத சோதனை முதலில், செலவு பிடிப்பது கடைசியில். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

தொடங்கும் முன்: ஒரு தாள், ஒரு லேப்டாப், ஒரு நல்ல கேபிள்

லைன் போட்ட அன்று இணைப்புக் கம்பெனி கொடுத்த விவரங்களை ஒரு தாளில் எழுதி, ரேக் (நெட்வொர்க் கருவிகள் வைக்கும் அலமாரி) கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். சர்க்கியூட் ஐடி (உங்கள் லைனின் அடையாள எண்), ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க் (உங்கள் முகவரித் தொகுப்பு எவ்வளவு பெரியது என்று சொல்லும் எண்), கேட்வே (வெளியே போகும் வாசலான கம்பெனி முனையின் முகவரி), டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சர்வர்), புகார் சொல்லும் எண், அன்றைக்கு ஃபைபரில் அளந்த ஒளியின் அளவு. இது எல்லாம் மெயிலில் இருக்கிறதே என்பார்கள். நெட் நின்ற நாளில் அந்த மெயிலைத் திறக்க முடியாமல் தவித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது லேன் போர்ட் உள்ள லேப்டாப் ஒன்று, நன்றாக வேலை செய்கிறது என்று உறுதியாகத் தெரிந்த 2 மீட்டர் பேட்ச் கார்டு (இரு முனையும் பொருத்திய சின்ன லேன் கேபிள்) ஒன்று. இவை இரண்டும் இருந்தால் கீழே சொல்லும் நேர்ச் சோதனையைச் செய்யலாம்.

மீடியா கன்வர்ட்டரிலிருந்து (ஃபைபரில் வரும் ஒளியை லேன் கேபிளுக்கு மாற்றும் சின்னப் பெட்டி) உங்கள் ரவுட்டருக்கோ ஃபயர்வாலுக்கோ போகும் லேன் கேபிளைக் கழற்றுங்கள். அந்த இடத்தில் உங்கள் பேட்ச் கார்டைப் போட்டு, லேப்டாப்பில் நேராகச் செருகுங்கள். தாளில் உள்ள ஐபி, மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ் நான்கையும் லேப்டாப்பின் லேன் கார்டில் கையால் அடியுங்கள். வைஃபையை அணைத்துவிடுங்கள். இப்போது நெட் வந்தால் லைன் சரி, பழுது உங்கள் அலுவலகத்துக்குள். வரவில்லை என்றால் பழுது பெரும்பாலும் கம்பெனி பக்கம். கம்பெனியே ஒரு ரவுட்டரும் வைத்திருந்தால், அதன் லேன் போர்ட்டில் லேப்டாப்பைச் செருகி இதே சோதனையைச் செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அந்த நேரத்தில் லேப்டாப் எந்தத் தடுப்பும் இல்லாமல் பொது இணையத்தில் நிற்கிறது. விண்டோஸ் ஃபயர்வாலை இயக்கி, நெட்வொர்க் வகையைப் பப்ளிக் என்று வைத்து, சில நிமிடங்களில் சோதனையை முடித்துக் கேபிளைப் பழையபடி மாற்றிவிடுங்கள்.

எந்தப் பக்கம் பழுது என்று தெரியாமல் புகார் கொடுத்தால் "ரவுட்டரை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்பதிலேயே அரை நாள் ஓடிவிடும். "லேப்டாப்பை நேராகச் செருகிப் பார்த்தேன், கேட்வே பிங் ஆகவில்லை" என்று சொன்னால் பேச்சு அடுத்த கட்டத்துக்குப் போகும். (பிங் என்பது ஒரு முகவரி பதில் சொல்கிறதா என்று கேட்கும் கட்டளை.)

அறிகுறி 1: மீடியா கன்வர்ட்டரில் ஒரு விளக்கும் எரியவில்லை

அதே பிளக் பாயின்ட்டில் செல்போன் சார்ஜரைச் செருகுங்கள். சார்ஜ் ஏறவில்லை என்றால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸோ ஸ்விட்ச்சோதான் பிரச்சினை. பெருக்கித் துடைக்கும்போது யாராவது பிளக்கைப் பிடுங்கியிருப்பார்கள்.

சார்ஜ் ஏறுகிறது, கன்வர்ட்டர் மட்டும் எரியவில்லை என்றால் பெரும்பாலும் அடாப்டர் போயிருக்கும். இரவும் பகலும் ஓடும் சின்னப் பொருள் அது. புதியது சில நூறு ரூபாய்தான். ஆனால் மாற்றும்போது பின்பக்க எழுத்தைப் படியுங்கள். நான் பார்த்த கன்வர்ட்டர்களில் பெரும்பாலானவை 5 வோல்ட், ரவுட்டர்கள் 12 வோல்ட். இரண்டுக்கும் ஒரே மாதிரி உருண்டை முனை இருக்கும். ரவுட்டர் அடாப்டரை அவசரத்துக்கு எடுத்துக் கன்வர்ட்டரில் செருகினால் அந்தக் கணமே அது எரிந்துபோகும். வோல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடுதலாகவோ இருக்கலாம்.

கூடவே இதையும் பாருங்கள். கரண்ட் ஒரு நொடி போய் வருகிறது, கணினிகள் அணையவில்லை, நெட் மட்டும் போய் இரண்டு மூன்று நிமிடம் கழித்து வருகிறது. அப்படியானால் கணினிகள் யுபிஎஸ்ஸில் இருக்கின்றன, கன்வர்ட்டரோ ரவுட்டரோ யுபிஎஸ் இல்லாமல் நேராகச் சுவர் பிளக்கில் இருக்கிறது. இரண்டையும் யுபிஎஸ்ஸுக்கு மாற்றுங்கள்.

நல்ல அடாப்டர் போட்டும் எரியவில்லையா? கன்வர்ட்டர் கம்பெனிக்குச் சொந்தம் என்றால் திறக்காதீர்கள், புகார் கொடுங்கள். உங்களுடையது என்றால் மாற்ற வேண்டியதுதான். வாங்கும்போது எதிர்முனையில் இருப்பதற்குப் பொருந்த வேண்டும். ஒற்றை ஃபைபரில் ஓடும் கன்வர்ட்டர்கள் ஜோடியாக வரும். ஒன்று 1310 நானோமீட்டரில் அனுப்பி 1550-இல் வாங்கும், மற்றது தலைகீழ். இரண்டு முனையிலும் ஒரே வகையைப் போட்டால் லிங்க் வராது.

அறிகுறி 2: பவர் எரிகிறது, ஃபைபர் விளக்கு மட்டும் இல்லை

கன்வர்ட்டரில் அந்த விளக்குக்குப் பக்கத்தில் எஃப்எக்ஸ் என்றோ ஃபைபர் லிங்க் என்றோ போட்டிருக்கும். முதலில் ஒன்று: ஃபைபர் முனையையோ போர்ட்டின் உள்ளேயோ கண்ணால் பார்க்காதீர்கள். அதில் ஓடும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, அதனால் ஆபத்தும் தெரியாது.

மஞ்சள் நிற ஃபைபர் பேட்ச் கார்டைத் தடவிக்கொண்டே போங்கள். மேசைக்கும் சுவருக்கும் இடையில் நசுங்கியிருக்கிறதா, கதவிடுக்கில் மாட்டியிருக்கிறதா, மற்றக் கேபிள்களோடு இறுக்கிக் கட்டப்பட்டிருக்கிறதா? வளைவு ஒரு சாத்துக்குடியைச் சுற்றும் அளவுக்காவது பெரிதாக இருக்க வேண்டும். அதைவிடச் சிறிதாக மடித்தால் ஒளி வெளியே கசிந்துவிடும். அப்புறம் கனெக்டரைக் கழற்றி, முனையில் விரல் படாமல், க்ளிக் என்ற சத்தம் வரும்வரை திரும்பச் செருகுங்கள். இரண்டு இழை உள்ள லைன் என்றால் யாராவது துடைப்பதற்குக் கழற்றி இடம் மாற்றிச் செருகியிருக்கலாம். ஒருமுறை மாற்றிப் போட்டுப் பாருங்கள், விளக்கு வரவில்லை என்றால் பழையபடியே வையுங்கள்.

பழைய கட்டடங்களில், குறிப்பாகத் தரைத்தளத்தில் குடோன் இருக்கும் இடங்களில், எலி கடிப்பதும் நடக்கும். கேபிள் உள்ளே வரும் துளையைச் சுற்றிப் பாருங்கள். தெருவில் பள்ளம் தோண்டுகிறார்களா என்றும் எட்டிப் பாருங்கள், பக்கத்து அலுவலகத்துக்கும் போன் போட்டுக் கேளுங்கள்.

இவ்வளவுதான் நம்மால் முடிவது. உடைந்த ஃபைபரை ஒட்ட ஸ்ப்ளைசிங் மெஷின் வேண்டும். அது கம்பெனி ஆள் வேலை. புகாரில் "பவர் இருக்கிறது, ஃபைபர் விளக்கு இல்லை, பேட்ச் கார்டு பார்த்தாகிவிட்டது" என்று சொல்லி டாக்கெட் எண்ணை (புகாரின் பதிவு எண்) வாங்கி, நேரத்தோடு எழுதி வையுங்கள். ஆள் வந்து சரிசெய்ததும் பவர் மீட்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். எண் மைனஸில் இருக்கும். முதல் நாள் மைனஸ் 14 டிபிஎம் (ஒளியின் அளவைச் சொல்லும் அலகு) இருந்து இப்போது மைனஸ் 17 என்றால் ஒளி பாதியாகிவிட்டது. மைனஸ் 24 என்றால் பத்தில் ஒரு பங்குதான் வருகிறது. விளக்கு எரிகிறதே என்று விட்டுவிட்டால் அடுத்த மாதம் அதே இடத்தில் நிற்கும். ஒட்டிய இணைப்பை மறுபடி போடச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஃபைபர் இல்லாமல் மாடியில் ஆன்டெனா வைத்து ரேடியோ வழியாக லைன் வருகிறதா? அங்கே முதல் சந்தேகம் பிஓஇ அடாப்டர் (லேன் கேபிள் வழியாகவே ஆன்டெனாவுக்கு மின்சாரம் அனுப்பும் பெட்டி). அதன் விளக்கைப் பார்த்து, ஒருமுறை கழற்றி 30 நொடி கழித்துச் செருகுங்கள். இரண்டாவது, காற்றில் திரும்பிய ஆன்டெனா. மழையில் மட்டும் லைன் போகிறது என்றால் "மழைக்கு அப்படித்தான் சார்" என்ற பதிலை ஏற்காதீர்கள். வழக்கமான 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவை ஊருக்குள் சின்னத் தூரத்தில் மழை மட்டும் நிறுத்திவிடாது. கனெக்டரில் நீர் புகுந்திருக்கும், அல்லது எதிரில் மரம் வளர்ந்து மறைத்திருக்கும்.

அறிகுறி 3: எல்லா விளக்கும் எரிகிறது, யாருக்கும் நெட் இல்லை

இங்கே பிங் கட்டளைதான் வழிகாட்டி. விண்டோஸின் கருப்புத் திரையில் (கமாண்ட் பிராம்ப்ட்) ping என்று அடித்து, இடைவெளி விட்டு முகவரியைப் போட வேண்டும். மூன்று முகவரிகளை இந்த வரிசையில் பிங் செய்யுங்கள்: உங்கள் ரவுட்டர், கம்பெனியின் கேட்வே, 8.8.8.8 (கூகுளின் பொது டிஎன்எஸ்).

ரவுட்டரே பதில் சொல்லவில்லை என்றால் ரவுட்டர் உறைந்துவிட்டது, இல்லையென்றால் நெட்வொர்க் ஸ்விட்ச்சில் (கணினிகளின் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டி) கோளாறு. இரண்டையும் அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் ஸ்விட்ச்சில் எல்லா விளக்கும் ஒரே வேகத்தில் படபடவென்று துடிக்கிறதா என்று பாருங்கள். துடித்தால் அறிகுறி 6-இல் லூப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், அங்கே போங்கள்.

ரவுட்டர் பதில் சொல்கிறது, கேட்வே சொல்லவில்லை என்றால் நேர்ச் சோதனையைச் செய்யுங்கள். லேப்டாப்பில் வந்துவிட்டால் ரவுட்டரில் அடித்த எண்கள் தப்பு. இதில் அடிக்கடி நடக்கும் தவறு மாஸ்க். உதாரணத்துக்கு 203.0.113.8 முதல் 203.0.113.15 வரை எட்டு முகவரி கொண்ட தொகுப்பு கொடுத்திருந்தால் மாஸ்க் 255.255.255.248. முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் எந்தக் கருவிக்கும் போட முடியாது. 9 கேட்வேக்குப் போனால் உங்களுக்கு மிஞ்சுவது 10 முதல் 14 வரை, ஐந்தே ஐந்து. பழக்க தோஷத்தில் 255.255.255.0 என்று அடித்தால் பாதி வேலை செய்வதுபோல் தெரிந்து மீதி செய்யாது. சில கம்பெனிகள் இணைப்புக்கு ஒரு சின்னத் தொகுப்பும் பயன்பாட்டுக்கு இன்னொரு தொகுப்பும் கொடுக்கும். இணைப்புத் தொகுப்பின் மாஸ்க் பெரும்பாலும் 255.255.255.252. இரண்டையும் குழப்பிக்கொண்டால் ரவுட்டர் எதிர்முனையோடு பேசவே பேசாது.

புது ரவுட்டர் மாற்றிய அன்று இது நடந்தால் வேறு காரணம். கம்பெனியின் ரவுட்டர் உங்கள் பழைய ரவுட்டரின் மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) நினைவில் வைத்திருக்கும். சில ரவுட்டர்களில் ஏஆர்பி என்ற அந்த நினைவு 4 மணி நேரம் வரை நிற்கும். எண்களெல்லாம் சரியாக இருந்தும் லைன் வராது. போன் செய்து "ஏஆர்பி கிளியர் பண்ணுங்க, மேக் மாறியிருக்கு" என்று சொல்லுங்கள், ஒரு நிமிட வேலை. லாஸ்பேட்டையில் ஒரு அலுவலகத்தில் புது ஃபயர்வாலைப் பெட்டியில் திருப்பி வைத்து, கெட்டுப்போன சரக்கு என்று கடைக்கே அனுப்பிவிட்டார்கள். அதில் ஒரு பழுதும் இல்லை.

கேட்வே பதில் சொல்கிறது, 8.8.8.8 சொல்லவில்லை என்றால் பழுது கம்பெனிக்கு உள்ளே. அதற்கு முன் பில் கட்டியாகிவிட்டதா என்று கணக்குப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள். 8.8.8.8 வரை எல்லாம் பதில் சொல்கிறது, இணையதளம் மட்டும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ். ரவுட்டரில் கம்பெனி கொடுத்ததோடு 8.8.8.8 அல்லது 1.1.1.1-ஐ இரண்டாவதாகச் சேருங்கள்.

இன்னும் சில அலுவலகங்களில் செம்புக் கம்பியில் வரும் பழைய 2 எம்பிபிஎஸ் லைன், அகலமான வி.35 கேபிளோடு இருக்கிறது. அங்கே கேபிளின் திருகுகள் தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மின்சாரம் ஓடும்போது அந்தக் கேபிளைக் கழற்றி மாட்ட வேண்டாம். மோடமில் லூப் போட்டுச் சோதிப்பது கம்பெனி ஆள் வேலை.

அறிகுறி 4: ஒரே ஒரு கணினியில் மட்டும் வரவில்லை

பக்கத்துக் கணினியின் கேபிளைப் பிடுங்கி இதில் செருகுங்கள். வந்தால் கேபிளோ ஸ்விட்ச் போர்ட்டோதான் காரணம்.

வரவில்லை என்றால் அதன் ஐபி முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை. கேபிள் சரியாக இருந்தும் இப்படி என்றால் ரவுட்டர் கொடுக்கும் முகவரிகள் தீர்ந்துபோயிருக்கலாம். வைஃபையில் சேர்ந்த செல்போன்களும் அதே தொகுப்பிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. "ஐபி முகவரி மோதல்" என்ற செய்தி வந்தால், யாரோ கையால் போட்ட எண்ணை ரவுட்டர் இன்னொருவருக்கும் கொடுத்திருக்கிறது. பிரின்டரைத்தான் முதலில் சந்தேகப்படுவேன்.

முகவரி சரி, எல்லாத் தளமும் "பாதுகாப்பற்றது" என்று சொல்லி நிற்கிறது என்றால் மூலையில் தேதியைப் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்த பழைய கணினி ஒவ்வொரு காலையும் பல வருடம் பின்னால் போய் நிற்கும். சிஆர் 2032 என்ற காசு வடிவ பேட்டரி மாற்றினால் தீர்ந்தது.

அறிகுறி 5: நெட் இருக்கிறது, வேகம் இல்லை

முதலில் கணக்கைச் சரிபாருங்கள். லைன் வேகம் பிட்டில், கோப்பின் அளவு பைட்டில். எட்டு பிட் ஒரு பைட். 20 எம்பிபிஎஸ் லைனில் டவுன்லோட் நொடிக்கு 2.5 எம்பி என்று காட்டினால் முழு வேகம் வருகிறது என்றுதான் அர்த்தம். 1 ஜிபி கோப்பு ஏறக்குறைய 7 நிமிடம் எடுக்கும். பலர் இதைத் தெரிந்துகொள்ளாமல் கம்பெனியோடு சண்டை போடுகிறார்கள்.

அடுத்து, வைஃபையில் அளக்காதீர்கள். கேபிள் செருகிய லேப்டாப்பில், மற்றவர்கள் கேபிளைக் கழற்றிய பின், நேர்ச் சோதனையோடு சேர்த்து அளங்கள். அங்கே வேகம் முழுதாக வந்தால் உள்ளே யாரோ உறிஞ்சுகிறார்கள். விண்டோஸ் அப்டேட், கிளவுடில் ஏறும் சிசிடிவி, பேக்கப், வைரஸ். ஸ்விட்ச்சிலிருந்து ஒவ்வொரு கேபிளாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது வேகம் திரும்புகிறது என்று பாருங்கள். எளிய முறைதான், ஆனால் தவறாமல் பிடித்துக்கொடுக்கும்.

வேகம் சரியாக 94, 95 எம்பிபிஎஸ்ஸில் வந்து நின்றுவிடுகிறதா? 200 எம்பிபிஎஸ் லைன் வாங்கியும் அந்த எண்தான் என்றால் வழியில் எங்கோ 100 எம்பிபிஎஸ் போர்ட் இருக்கிறது. பழைய ரவுட்டர், பழைய ஸ்விட்ச், அல்லது எட்டுக் கம்பியில் ஒன்று அறுந்த கேபிள். 100-க்கு நான்கு கம்பி போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஒன்று போனால் பெரும்பாலும் தானாக 100-க்கு இறங்கிவிடும். கேபிளை மாற்றிப் பார்த்த பின்தான் ரவுட்டர் வாங்கப் போங்கள்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிளை வாங்காதீர்கள். சுருள் கையில் எடுத்தாலே எடை குறைவாக இருக்கும், கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். கடற்கரை ஊரில் அது சீக்கிரம் போய்விடுகிறது.

பிங் நன்றாக இருக்கிறது, சின்னப் பக்கங்கள் உடனே திறக்கின்றன, பெரிய கோப்பு மட்டும் நகரவே மாட்டேன் என்கிறது என்றால் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் முடியுமா என்ற அமைப்பு) பொருத்தம் இல்லை. ஒரு முனையில் 100 ஃபுல் என்று கட்டி வைத்திருப்பார்கள், மறுமுனை ஆட்டோவில் இருக்கும். ஆட்டோவில் இருப்பது ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு இறங்கி, பாரம் கூடும்போதெல்லாம் மோதல் ஏற்படும். இரண்டும் ஆட்டோவாக இருக்க வேண்டும், இல்லை இரண்டும் ஒரே அமைப்பில் கட்டப்பட்டிருக்க வேண்டும். கம்பெனி முனை எப்படி இருக்கிறது என்று போனில் கேட்டால் சொல்வார்கள்.

இதையெல்லாம் பார்த்த பின்னும் நேர்ச் சோதனையிலேயே வேகம் குறைவு என்றால், காலை, மதியம், மாலை மூன்று வேளை அளவுகளைப் படம் எடுத்துப் புகாரோடு அனுப்புங்கள்.

அறிகுறி 6: விட்டு விட்டு வருகிறது

எல்லாவற்றிலும் மோசமானது இதுதான். ஆள் வரும்போது சரியாக இருக்கும், போன பின் போய்விடும். இங்கே பொறுமையும் ஒரு நோட்டும் வேண்டும்.

இரண்டு கருப்புத் திரைகளைத் திறந்து, ஒன்றில் உங்கள் ரவுட்டரையும் மற்றதில் கம்பெனி கேட்வேயையும் நிற்காமல் ஓடும் பிங்கில் விடுங்கள். முகவரிக்குப் பின் இடைவெளி விட்டு ஹைஃபனும் டி எழுத்தும் (-t) சேர்த்தால் நீங்கள் நிறுத்தும்வரை ஓடும். நெட் போகும் கணத்தில் இரண்டையும் பாருங்கள். ரவுட்டர் பதிலும் சேர்ந்து நின்றால் பழுது உள்ளே. ரவுட்டர் பதில் தொடர்ந்து வர, கேட்வே மட்டும் நின்றால் பழுது ரவுட்டரின் வெளிப்பக்கத்தில், அதாவது கன்வர்ட்டர், அதற்குப் போகும் கேபிள், அல்லது லைன். நின்ற நேரத்தை நிமிடத்தோடு நோட்டில் எழுதுங்கள். மூன்று நாள் எழுதினால் ஒரு ஒழுங்கு தெரியத் தொடங்கும்.

மதியம் மட்டும் போகிறது என்றால் சூடு. மஞ்சக்குப்பத்தில் ஒரு அலுவலகத்தில் கன்வர்ட்டரும் ரவுட்டரும் மர அலமாரிக்குள், யுபிஎஸ்ஸின் தலைமேல் இருந்தன. மே மாதத்தில் தினமும் 2 மணிக்குமேல் லைன் விழும், 5 மணிக்குத் தானாக எழும். கம்பெனி ஆட்கள் நான்கு முறை வந்து போயிருந்தார்கள், நான்கும் காலை நேரம். அலமாரிக் கதவைத் திறந்து வைத்த அன்றே சரியாயிற்று. அப்புறம் இரண்டையும் சுவரில் மாட்டிவிட்டோம்.

குறிப்பிட்ட ஒருவர் வந்ததும் போகிறது, சில கணினிகளில் மட்டும் போகிறது என்றால், யாரோ வீட்டிலிருந்து ஒரு வைஃபை ரவுட்டரைக் கொண்டுவந்து அதன் லேன் போர்ட்டில் அலுவலகக் கேபிளைச் செருகியிருக்கிறார்கள். அதுவும் முகவரி கொடுக்கத் தொடங்கிவிடும். நெட் போன கணினியில் கேட்வே எண் என்ன என்று பாருங்கள். உங்கள் ரவுட்டரின் எண் இல்லாமல் வேறு ஏதாவது இருந்தால் அந்தப் பெட்டியைத் தேடிக் கழற்றுங்கள்.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போய், ஸ்விட்ச் விளக்குகள் வெறிபிடித்ததுபோல் மின்னினால் லூப். ஒரே கேபிளின் இரண்டு முனையும் ஸ்விட்ச்சுகளில் செருகப்பட்டிருக்கும். மேசையடியில் தொங்கும் முனையைப் பார்த்து, காலியாக இருக்கிறதே என்று நல்லெண்ணத்தில் யாராவது செருகிவிடுவார்கள். கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றினால் எது என்று தெரியும். கேபிளின் இரு முனையிலும் பெயர் எழுதி ஒட்டுவது இதைத் தவிர்க்கும்.

காரணமே இல்லாமல், கேபிளைத் தொட்டால் வந்து, விட்டால் போகிறது என்றால் ஆர்ஜே45 முனையை (லேன் கேபிளின் பிளாஸ்டிக் முனை) வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கடலூர் ஓ.டி. பக்கம் துறைமுகத்தை ஒட்டிய ஒரு மீன் ஏற்றுமதி அலுவலகத்தில் வருடத்துக்கு ஒருமுறையாவது இந்த வேலை இருக்கிறது. உப்புக் காற்றும், ஈரக் கையும், ஐஸ் அறையின் ஈரமும் சேர்ந்து பித்தளை நிறக் கம்பிகள் மேல் பச்சை படிந்துவிடும். சுரண்டிச் சரிசெய்ய முயல வேண்டாம், அதன் மேல்பூச்சு போய்விடும். முனையை வெட்டிப் புதிது கிரிம்ப் செய்யுங்கள். நிற வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. தங்கப் பூச்சு தடிமனாக உள்ள நல்ல கனெக்டர் சில ரூபாய்தான் அதிகம். கடலுக்கு அருகில் இருப்பவர்கள் அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். பயன்படுத்தாத போர்ட்டுகளில் ரப்பர் மூடி போடுங்கள், பூச்சியும் பல்லியும்கூட நுழையாது.

உள்ளே எல்லாம் சரி, கேட்வே மட்டும் விழுகிறது என்றால் உங்கள் நோட்டு இப்போது சாட்சி. பல ஒப்பந்தங்களில் 99.5 சதவீதம் லைன் இருக்கும் என்று எழுதியிருப்பார்கள். 30 நாள் மாதத்தில் அது 3 மணி 36 நிமிடம் மட்டுமே நிற்கலாம் என்று பொருள். அதற்குமேல் நின்றால் பில்லில் கழிவு கேட்க வழி இருக்கிறதா என்று உங்கள் ஒப்பந்தத்தைப் படியுங்கள். தேதியும் நேரமும் டாக்கெட் எண்ணும் இல்லாமல் கேட்டால் யாரும் கொடுக்க மாட்டார்கள்.

அறிகுறி 7: சில தளங்கள் மட்டும் திறக்கவில்லை, மெயில் திரும்பி வருகிறது

டிஎன்எஸ் மாற்றிப் பாருங்கள். சரியாகவில்லை, குறிப்பாக விபிஎன் (இணையத்துக்குள் போடும் பாதுகாப்பான தனிப்பாதை) வழியாகத் தலைமை அலுவலக மென்பொருள் திறக்கும்போது பாதியில் நிற்கிறது என்றால் எம்டியு (ஒரே தடவையில் அனுப்பக்கூடிய பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) காரணம். பிங்கில் உடைக்காமல் அனுப்பும் தேர்வோடு 1472 அளவு (-f -l 1472) போட்டுப் பாருங்கள். அதோடு பாக்கெட்டின் தலைப்புக்கான 28 பைட் சேர்ந்து 1500 ஆகும். போகவில்லை என்றால் பத்துப் பத்தாகக் குறைத்து, போகும் அளவைக் கண்டுபிடித்து, அதோடு 28 கூட்டி ரவுட்டரில் எம்டியுவாகப் போடுங்கள்.

நீங்கள் அனுப்பும் மெயில் மட்டும் திரும்பினால் உங்கள் நிலையான ஐபி கறுப்புப் பட்டியலில் ஏறியிருக்கலாம். உள்ளே ஏதோ ஒரு கணினி வைரஸால் குப்பை மெயில் அனுப்பியிருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் ஐபியை மாற்றச் சொன்னால் புதிதும் சில நாளில் ஏறிவிடும். இந்த இடத்தில் தெரிந்தவரை அழைப்பதே நல்லது.

அறிகுறி 8: இடி, புயல், வெள்ளத்துக்குப் பிறகு

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் நம் இரண்டு ஊருக்கும் நடுவில் கரை கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கடந்து, மழை நீர் பல தரைத்தள அலுவலகங்களுக்குள் வந்தது. அப்படிப்பட்ட நாளுக்குப் பின் லைன் வேலை செய்யவில்லை என்றால் முதலில் எதையும் ஆன் செய்யாதீர்கள். நனைந்த கருவி, அடாப்டர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எதுவாக இருந்தாலும் தனியாக எடுத்து வையுங்கள். தரை ஈரமாக இருக்கும்போது ரேக்கைத் தொடாதீர்கள். எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்த பிறகுதான் மெயின் போட வேண்டும். ஃபைபர் தண்ணீருக்குப் பெரிதாக அஞ்சாது, அதன் இரண்டு முனையிலும் இருக்கும் மின்கருவிகள்தான் போகும்.

இடிக்குப் பிறகு ஸ்விட்ச்சில் இரண்டு மூன்று போர்ட் மட்டும் செத்திருந்தால், அவற்றில் எந்தக் கேபிள் இருந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் வெளியே போகும் கேபிளாக இருக்கும்: மாடிக் கேமரா, எதிர்க் கட்டடம், காவலாளி அறை. ஃபைபர் வழியாக மின்சாரம் வராது. வெயிலில் ஓடும் செம்பு லேன் கேபிள்தான் அதை உள்ளே கொண்டுவருகிறது. மிச்சப் போர்ட்டில் வேலை செய்கிறதே என்று அந்த ஸ்விட்ச்சை வைத்துக்கொள்ள வேண்டாம், அடுத்த சில வாரங்களில் அறிகுறி 6-ஐக் காட்டத் தொடங்கும். மாற்றிவிடுங்கள். வெளியே போகும் கேபிளுக்குப் பதில் ஃபைபரும் இரண்டு கன்வர்ட்டரும் போடுங்கள்.

ஒவ்வொரு மழைக்காலத்திலும் இப்படி ஒன்று போகிறது என்றால் நெட்வொர்க் ஆளை விட்டுவிட்டு எலெக்ட்ரீஷியனை அழையுங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 2, 3 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. அதைச் சரிசெய்யும் வேலையை ஐப்பசி மழைக்கு முன், செப்டம்பரிலேயே முடித்துவிடுங்கள். தரை காய்ந்திருக்கும்போது நல்ல அளவு காட்டும் எர்த் மழையில் இன்னும் நன்றாகவே இருக்கும்.